மேசைக்கு இந்தப் பக்கம்: பொலிஸ் தொடர்களும் பார்வையாளரின் யதார்த்தமும்

சென்ற தவணை எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு வாக்குவாதம். நெட்பிளிக்ஸில் வந்த 'டெல்லி கிரைம்' தொடரைப் பற்றியது. விஞ்ஞானம் படிப்பிக்கும் சேர், "உள்ளத உள்ளபடி எடுத்திரிக்கான். பொலிஸ் வேலை இப்படித்தான்" என்றார். கணித டீச்சர் விடவில்லை. "உள்ளத உள்ளபடி பாக்க எதுக்கு டீவி? ரெண்டாவது பாகத்தோட எனக்கு அலுத்துப் போச்சு" என்றார். அதுவரை பேசாமல் இருந்த வரலாற்று ஆசிரியர், "பொலிஸ நல்லவனாக் காட்ட எடுத்தது. அதுல எங்க உண்மை?" என்று கேட்டார். மணி அடித்தது. மூவரும் கொப்பிக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

நான் அந்தப் பாடவேளை ஓய்வு. உட்கார்ந்து யோசித்தேன். மூவரும் 'உண்மை' என்ற ஒரே சொல்லை வைத்துத்தான் சண்டை பிடித்தார்கள். ஆனால் மூவரும் சொன்னது ஒரே பொருளை அல்ல. முதலாமவருக்கு உண்மை என்பது தோற்றம்: சீருடை, கோப்பு, பழைய ஜீப், தூக்கமில்லாத முகம். இரண்டாமவருக்கு அது வேகக்குறைவு. எது மெதுவாக நடக்கிறதோ அது உண்மை, ஆகவே அலுப்பு. மூன்றாமவர் கேட்டது வேறு: யாருடைய உண்மை? பொலிஸ் நிலையத்தில் ஒரு மேசை இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் ஒருவர் எழுதுகிறார், இந்தப் பக்கம் ஒருவர் பதில் சொல்கிறார். கமரா எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அவருடைய கேள்வி. பொலிஸ் தொடர்களில் யதார்த்தமா, ரசனையா என்று நடக்கும் விவாதம் பெரும்பாலும் இந்த மேசையைப் பற்றிய விவாதம்தான் என்பது என் எண்ணம்.

தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவர்களுக்கு இந்தத் தகராறு புதிதல்ல. தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டைச் சொல்லி, இரண்டும் சேர்ந்து அமைவதைப் புலனெறி வழக்கம் என்கிறார். பிரிவும் ஊடலும் உலகில் உள்ளவை. பெயர் சுட்டப்படாத ஒரு தலைவனும் தலைவியும் குறித்த நிலத்தில், குறித்த பொழுதில் அளந்து பேசுவது நாடகம். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் அகப்பாட்டு இல்லை. எனவே, "நிஜத்தில இப்படி நடக்காது" என்பது மட்டும் ஒரு தொடர் மீதான குற்றச்சாட்டாக முடியாது. உலகத்திலிருந்து எதை எடுத்தார்கள், நாடகத்துக்காக எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று கேட்க வேண்டும். அதிலும் விட்டதைத்தான் கூடக் கவனிக்க வேண்டும். சேர்த்தது கண்ணுக்குத் தெரியும், விட்டது தெரியாது.

பொலிஸ் தொடரில் 'உண்மை' என்ற விளம்பரம் கிட்டத்தட்டத் தொலைக்காட்சி அளவுக்கே பழையது. ஐக்கிய அமெரிக்காவில் 'டிராக்னெட்' 1949 இல் வானொலியிலும் 1951 இன் கடைசியில் தொலைக்காட்சியிலும் தொடங்கியது. உருவாக்கி நடித்தவர் ஜாக் வெப். கதைகள் லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ் திணைக்களத்தின் கோப்புகளிலிருந்து வந்தன. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறோம் என்று தொடக்கத்திலேயே அறிவிப்பார்கள். சார்ஜன்ட் ஜோ பிரைடே உணர்ச்சி காட்டாமல் திகதி, நேரம், காலநிலை என்று அறிக்கை வாசிப்பது போலப் பேசுவார். அந்தக் காலத்துத் துப்பறியும் கதைகளின் ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு இது பார்வையாளருக்குப் பெரும் யதார்த்தமாகப் பட்டது. பட்டதில் பிழையில்லை. விவரங்கள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் பிரதிகளைத் திணைக்களம் முன்கூட்டியே பார்த்து அனுமதி கொடுத்தது. கோப்பைக் கொடுத்தவர்கள் கதையையும் திருத்தினார்கள்.

1965 ஓகஸ்டில் அதே நகரத்தின் வொட்ஸ் பகுதியில், வாகனம் ஓட்டிவந்த ஒரு கறுப்பின இளைஞரைப் பொலிஸ் மறித்ததில் கலவரம் மூண்டது. 34 பேர் உயிரிழந்தார்கள். அந்த மக்களுக்கு அந்நகரத்துப் பொலிஸ் மீது எத்தனை வருஷக் கோபம் இருந்தது என்பதை, அதே பொலிஸை வாராவாரம் திரையில் பார்த்து ரசித்தவர்கள் அறிந்திருக்க வழியில்லை. தொடர் பொய் சொல்லவில்லை. கோப்பில் இல்லாததை அது சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான இன்னொரு வகை இருக்கிறது. 2000 ஒக்டோபரில் தொடங்கிய 'சீ.எஸ்.ஐ.' அதற்கு நல்ல உதாரணம். லாஸ் வேகாஸ் நகரத்து ஆய்வுகூடம், நீல வெளிச்சம், ஒரு முடி, ஒரு துளி இரத்தம். மரபணுப் பரிசோதனையின் முடிவு ஒரு விளம்பர இடைவேளைக்குள் வந்துவிடும். எந்த நாட்டு ஆய்வுகூடத்திலும் அப்படி வராது. இந்தத் தொடரைப் பார்த்த ஜூரிமார் எல்லா வழக்கிலும் மரபணுச் சான்றை எதிர்பார்க்கிறார்கள் என்று அமெரிக்க அரச வழக்கறிஞர்கள் முறையிட்டார்கள், அதற்கு 'சீ.எஸ்.ஐ. விளைவு' என்று பெயரும் வந்தது. அப்படி ஒரு விளைவு உண்மையில் உண்டா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இந்த வகைத் தொடர்களைத்தான் விரும்புகிறார்கள் என்பதை நான் அறிவேன். ஏன் என்று கேட்டேன். ஒரு மாணவி சொன்னாள்: "அதுல ஆரும் ஆருக்கும் அடிக்கிறல்ல டீச்சர். சாமான் பேசுது." அந்தப் பதிலை நான் மறக்கவில்லை. அடிக்காமல், மிரட்டாமல், பொருள் சாட்சி சொல்லி உண்மை வெளிவர வேண்டும் என்ற ஆசை அது. நடைமுறையில் பொய்யான ஒரு தொடருக்குள்ளும் ஒரு நியாயமான ஆசை இருக்கலாம். அதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சார்ஜன்ட் ஒருவர் இருக்கிறார். சார்ஜன்ட் மாமா என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவரிடம் இந்தக் கேள்வியைக் கொண்டுபோனேன். சிரித்தார். "முப்பது வரிசம் வேல செஞ்சன் மகள். ஓடிப்போய் ஒருத்தனப் புடிச்ச நாள விரல் உட்டு எண்ணலாம். மிச்சமெல்லாம் எழுதினதுதான். கை நோக எழுதினன்." பிறகு அவர் விரும்பிப் பார்ப்பது என்ன என்று கேட்டால், சூர்யா நடித்த 'சிங்கம்'. ஒரே அடியில் பத்துப் பேர் பறப்பார்கள். "வேலைலயும் அதப் பாத்து, ஊட்டுக்கு வந்தும் அதையே பாக்கிறயா?" என்றார். 2022 இல் ஸீ5 தளத்தில் வந்த 'விலங்கு' தொடர் மட்டும் அவருக்கு வேறு காரணத்துக்காகப் பிடித்திருந்தது. பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கி, விமல் உப பரிசோதகராக நடித்தது. கர்ப்பிணி மனைவி வீட்டில், மேலதிகாரியின் ஏச்சு நிலையத்தில், துப்புக் கிடைக்காத கொலை கையில். "அந்தப் பொடியன்ட முகத்தில இரிக்கிற பயம் இரிக்கே, அதுதான் பொலிஸ்" என்றார் மாமா. வேலை தெரிந்தவருக்கு நடைமுறைப் பிழை பெரிதாகத் தெரியும் என்று நினைத்துப் போனேன். அவரோ நடைமுறையைச் சட்டை செய்யவில்லை. பயத்தைத்தான் பார்த்திருக்கிறார். மேசைக்கு அந்தப் பக்கமும் பயம் இருக்கிறது என்பதை நான் அன்றுதான் கேட்டேன்.

இனி, இந்தத் தொடர்களிலே பார்வையாளருக்கு அதிக ருசி தரும் காட்சிக்கு வருவோம். விசாரணை அறை. ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு விளக்கு. கடைசியில் சந்தேகநபர் உடைந்து ஒப்புக்கொள்கிறான். நாங்கள் மூச்சு விடுகிறோம். தமிழ்ப் படங்களில் இதற்கு முன் அடியும் இருக்கும். அந்த அடிக்கு விசிலும் இருக்கும். அமெரிக்கத் தொடர்களில் இந்தக் காட்சி மையமாக இருப்பதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. உரிமைகளை எடுத்துச் சொன்ன பிறகு பொலிஸிடம் தானாகக் கொடுத்த ஒப்புதலை அங்கே நீதிமன்றம் ஏற்கும். எங்கள் மண்ணில் சட்டம் வேறு. 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25 ஆம் பிரிவும், 1895 ஆம் ஆண்டின் இலங்கைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவும், பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்றே எழுதப்பட்டன. வெள்ளைக்காரன் தன் பொலிஸை நம்பவில்லை. அடித்து வாங்குவார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஆக, நாங்கள் கைதட்டும் அந்த ஒப்புதல் காட்சிக்கு எங்கள் சாதாரண நீதிமன்றத்தில் பெறுமதி இல்லை. இந்த விதிக்குப் பெரிய விலக்கு ஒன்று எங்கள் நாட்டில் உண்டு. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம். அதன் 16 ஆம் பிரிவின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன் கொடுத்த ஒப்புதலை ஏற்கலாம். அது சுயவிருப்பில் கொடுத்ததல்ல என்று காட்டும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில். இந்த ஒரு பிரிவினால் எத்தனை தமிழ் இளைஞர், பின்னர் எத்தனை முஸ்லிம் இளைஞர் வாழ்வு இழந்தார்கள் என்பது இந்த இதழின் வாசகருக்குப் புதிதல்ல. விசாரணை அறைக் காட்சி ஒருவருக்கு ரசனையாகவும் இன்னொருவருக்கு வயிற்றைக் கலக்குவதாகவும் இருப்பதற்கு ரசனை வேறுபாடு மட்டும் காரணமில்லை.

இந்தக் காட்சியை உள்ளிருந்தே கேள்விக்குள்ளாக்கிய ஒரு தொடர் உண்டு. 'ஹொமிசைட்: லைஃப் ஒன் த ஸ்ட்ரீட்', 1993 முதல் 1999 வரை ஒளிபரப்பானது. பால்டிமோர் நகரப் பத்திரிகையாளர் டேவிட் சைமன் 1988 முழுவதும் கொலைப் பிரிவுத் துப்பறிவாளர்களோடு கூட இருந்து எழுதி, 1991 இல் வெளியிட்ட நூலே அதற்கு மூலம். முதல் பருவத்தில் 'த்ரீ மென் அன்ட் அடேனா' என்று ஒரு பாகம். ஒரு சிறுமி கொல்லப்பட்டிருக்கிறாள். தெருத்தெருவாகக் குதிரை வண்டியில் பழம் விற்கும் ஒரு முதியவர் மீது சந்தேகம். இரண்டு துப்பறிவாளருக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் இருக்கிறது. ஏறத்தாழ முழுப் பாகமும் அந்த அறைக்குள்தான். கெஞ்சுகிறார்கள், மிரட்டுகிறார்கள், நடிக்கிறார்கள். கடைசியில் ஒப்புதல் வரவில்லை. முதியவர் அந்த இருவரின் உள்ளத்தையும் திருப்பி வாசித்துவிடுகிறார். அவரே குற்றவாளி என்று உறுதியாக இருந்தவருக்குச் சந்தேகம் வருகிறது. சந்தேகப்பட்டவருக்கு உறுதி வருகிறது. வழக்கு முடியாமலே போகிறது. எழுதிய டொம் ஃபொன்டானாவுக்கு எம்மி விருது கிடைத்தது.

இதைக் கணித டீச்சருக்குப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும், "அப்ப ஆரு கொன்ட?" என்றார். தெரியாது என்றேன். "இதென்ன கத!" என்று கோபித்துக்கொண்டார். அடுத்த நாள் ஓய்வறையில் தானாகவே வந்து, "அந்தக் கிழவன் கண்ணுக்குள்ளயே நிக்கான்" என்றார். அலுப்பென்று சொல்லவில்லை. யதார்த்தம் ரசனைக்கு எதிரி என்ற அவருடைய வாதம் அந்த இடத்தில் கொஞ்சம் தளர்ந்தது. அவர் வெறுத்தது உண்மையை அல்ல, ஆளில்லாத விவரத்தை. மனிதர் இருந்தால் ஒரே அறைக்குள் ஒரு மணித்தியாலம் இருக்க அவருக்குப் பொறுமை இருக்கிறது.

இனி 'டெல்லி கிரைம்'. ரிச்சி மேத்தா உருவாக்கிய முதல் பருவம் 2019 மார்ச்சில் வந்தது, ஏழு பாகங்கள். 2012 டிசம்பரில் டெல்லி பஸ் ஒன்றில் ஒரு மாணவிக்கு நடந்த கொடூரம்தான் கதை. ஷெஃபாலி ஷா பிரதிப் பொலிஸ் ஆணையாளர் வர்த்திகாவாக நடித்தார். 2020 இல் சிறந்த நாடகத் தொடருக்கான சர்வதேச எம்மி விருதைப் பெற்ற முதல் இந்தியத் தொடர் இது. இதன் மிகப்பெரிய கண்ணியம், அந்தக் கொடுமையைக் காட்சியாகக் காட்ட மறுத்தது. பார்வையாளரின் ஆவலுக்குத் தீனி போடவில்லை. பொலிஸ் வேலையை உழைப்பாகக் காட்டியது: வாகனம் போதாமை, வீட்டுக்குப் போகாமை, மேலிருந்து வரும் தொலைபேசி. விஞ்ஞான சேர் சொன்னது சரிதான்.

வரலாற்று ஆசிரியர் சொன்னதிலும் சரி இருக்கிறது. கதை பொலிஸ் கோப்புகளிலிருந்தும் அதிகாரிகளின் வாயிலிருந்தும் எடுக்கப்பட்டது. கமரா அவர்களோடுதான் நடக்கிறது. தெருவில் திரண்ட மக்களின் கோபம் அநேகமாக வெளியே கேட்கும் சத்தமாகவும் வேலைக்கு இடைஞ்சலாகவும் வருகிறது. வர்த்திகாவின் மகள் ஊடாகத்தான் அந்த அவநம்பிக்கைக்கு வீட்டுக்குள் ஒரு குரல் கிடைக்கிறது. ஆயினும் இந்த வழக்கில் பிடிபட்டவர்கள் குற்றவாளிகள் என்று உச்ச நீதிமன்றம் வரை உறுதியானது. அதனால் முடிவில் வரும் நிம்மதி நியாயமான நிம்மதி. எல்லோரும் பகிர்ந்துகொள்ளக் கூடியது.

2022 இல் வந்த இரண்டாம் பருவம் அப்படியல்ல. வசதியான வீடுகளில் முதியவர்கள் கொல்லப்படுகிறார்கள். கொலையின் பாணி பழைய கொள்ளைக் கும்பல் ஒன்றை நினைவூட்டுகிறது. உடனே சந்தேகம் சில சமூகங்கள் மீது விழுகிறது. 1871 இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டத்தால் 'குற்றப் பரம்பரை' என்று பிறப்பிலேயே முத்திரை குத்தப்பட்டவர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தச் சட்டம் நீக்கப்பட்டது, பார்வை நீங்கவில்லை. பொலிஸ் குடியிருப்புக்குள் புகுந்து ஆட்களை அள்ளிக்கொண்டு வருகிறது. இந்த மக்களை எனக்குத் தெரியும், இவர்களின் இரத்தத்திலேயே களவு இருக்கிறது என்று பேச ஓர் ஓய்வுபெற்ற அதிகாரியும் வருகிறார். பின்பு பார்த்தால் செய்தவர்கள் வேறு ஆட்கள்.

எங்கள் ஓய்வறையில் இரண்டாம் பருவம் எடுபடவில்லை. "முதலாவதப் போல வராது" என்பது பொதுவான தீர்ப்பு. எனக்கோ முதலாவதைவிட இதுதான் நெருங்கி வந்தது. அதற்கு என் வாழ்க்கையில் ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை நேர்மையாக எழுத முடியாது.

2019 மே மாதம். உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிந்திய நாட்கள். வீடு வீடாகச் சோதனை. தம்பியின் அலுமாரியில் அவன் ஓதிய காலத்து அரபுப் பாடக் கையேடு ஒன்று இருந்தது. அதற்கு விளக்கம் சொல்ல வரச் சொன்னார்கள். நானும் கூடப் போனேன். ழுஹர் தொழுதுவிட்டுப் போனவர்கள், வாங்கில் உட்கார்ந்திருக்க அஸர் போனது, மஃரிப் போனது. யாரும் அடிக்கவில்லை. யாரும் சத்தம் போடக்கூட இல்லை. ஒரு அதிகாரி தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். இரவானதும் வாக்குமூலம் எழுதினார்கள். தம்பி தமிழில் சொன்னான், அவர் சிங்களத்தில் எழுதினார். எழுதி முடித்து, அரைத் தமிழில் சுருக்கமாகச் சொல்லிக் காட்டி, கையெழுத்து வாங்கினார். எனக்குச் சிங்களம் கொஞ்சம் பேச வரும், கையெழுத்து வாசிக்க வராது. 1987 இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அந்தத் தாளில் என்ன இருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. இஷாவுக்குப் பிறகு விட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ். வீட்டு வாசலில் உம்மா முந்தானையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

இதை ஒரு தொடரில் எடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லலாம். ஒன்றுமே நடக்கவில்லையே. ஆனால் ஒன்பது மணித்தியாலம் அந்த வாங்கில் எங்களுக்குள் நடந்தது எவ்வளவோ. சிறந்த பொலிஸ் தொடர்கள் கூட விடுகிற இடம் இதுதான். 'டெல்லி கிரைம்' இரண்டாம் பருவம் பிழையான ஆட்களைப் பிடித்ததைத் துணிந்து காட்டுகிறது. அதற்காக அதை நான் மதிக்கிறேன். ஆனால் உண்மைக் குற்றவாளிகள் யாரென்று தெரிந்ததும் கதை அவர்களின் பின்னால் வேகமெடுத்து ஓடுகிறது. அந்த வேகத்துக்குத்தான் பார்வையாளர் காத்திருந்தார். வாங்கில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வேகம் உதவுவதில்லை.

அப்படியானால் ரசனையைக் கைவிட்டு, முழுக்க உலகியலாக எடுக்க வேண்டுமா? அதற்கும் பதில் சொல்லும் தொடர் ஒன்றிருக்கிறது. அதே டேவிட் சைமன், முன்னாள் துப்பறிவாளர் எட் பேர்ன்ஸுடன் சேர்ந்து எச்.பி.ஓ. அலைவரிசைக்குச் செய்த 'த வயர்'. 2002 முதல் 2008 வரை ஐந்து பருவங்கள், அறுபது பாகங்கள். ஒளிபரப்பான காலத்தில் பார்வையாளர் குறைவு. ஓர் எம்மி விருதும் இல்லை. மூன்றாம் பாகத்தோடு நிறுத்தியவர்கள் என் நண்பர்களிலும் உண்டு. பெயர்கள் பிடிபடாது, தெருப் பேச்சு விளங்காது. பொறுத்திருந்தால் ஒரு நகரம் விளங்கும். போதைப்பொருள் விற்கும் பையனுக்கும் ஒரு வீடு இருக்கிறது, கணக்குக் கேட்கும் ஒரு மேலதிகாரி இருக்கிறான்; பொலிஸ்காரனுக்கும் அப்படியே. மேசையின் இரண்டு பக்கமும் கமரா போகிறது.

எட் பேர்ன்ஸ் பொலிஸ் வேலையை விட்டபின் பால்டிமோரில் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். 2006 இல் வந்த நான்காம் பருவம் அந்த அனுபவத்தால் ஆனது. பொலிஸிலிருந்து விலகி ஆசிரியராகும் பாத்திரம் ஒன்று. குற்றம் குறைந்ததாகக் காட்டப் பொலிஸ் எண்களை எப்படி வளைத்ததோ, அப்படித்தான் பரீட்சைப் பெறுபேற்றைப் பாடசாலை வளைக்கிறது என்று அவர் கண்டுகொள்கிறார். பெறுபேற்று வீதத்துக்காக வருஷம் முழுக்க ஓடுகிற எந்த இலங்கை ஆசிரியருக்கும் அந்த இடத்தில் உள்ளே குத்தும். நான் பால்டிமோரை அறியேன். அந்த வகுப்பறையை அறிவேன். யதார்த்தம் என்று நாங்கள் சொல்வது பல வேளை இந்த அடையாளம் காணுதலைத்தான். இதே தொடரின் ஐந்தாம் பருவத்தில் ஒரு துப்பறிவாளர் நிதி பெறுவதற்காக, இல்லாத ஒரு தொடர் கொலைகாரனை உருவாக்குகிறார். இது நம்பும்படி இல்லை என்று தீவிர ரசிகர்களே முறைப்பட்டார்கள். நான்கு பருவம் உலகியலில் ஊறியவர்களுக்கு நாடகம் கொஞ்சம் தூக்கலானதும் நாக்கில் பட்டுவிட்டது. 'சிங்கம்' பார்க்கும்போது சார்ஜன்ட் மாமாவுக்கு அது படுவதில்லை. ஒவ்வொரு படைப்பும் தன் வாசலிலேயே ஓர் உடன்படிக்கை எழுதுகிறது. அதை மீறும்போதுதான் பார்வையாளர் கோபப்படுகிறார்.

எங்கள் இலக்கியத்தில் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர் இளங்கோ என்று நினைக்கிறேன். கொலைக்களக் காதையைப் பொலிஸ் கதையாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பொற்கொல்லனின் பொய் முறைப்பாடு. மனைவியின் ஊடலைத் தீர்க்க அவசரமாகப் போகும் அரசன் விசாரிக்காமல் இடும் கட்டளை. கோவலனைக் கண்ட காவலர், இவன் முகத்தில் களவு இல்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் கள்வருக்குரிய எட்டு உத்திகளை அடுக்கிப் பாடம் நடத்துகிறான். நிபுணத்துவம் பேசுகிறது! தயக்கம் கலைகிறது. ஒருவன் வாளை ஓச்சுகிறான். யார் செய்தது என்ற மர்மம் வாசகருக்கு இல்லை. அவன் குற்றமற்றவன் என்று எங்களுக்கு முதலே தெரியும். அதனால்தான் காவலரின் ஒவ்வொரு தயக்கத்திலும் எங்கள் உயிர் ஊசலாடுகிறது. பிறகு வழக்குரை காதையில் சிலம்பு உடைந்து, முத்தல்ல, மாணிக்கம் என்று பொருளே சாட்சி சொல்கிறது. என் மாணவி ஆசைப்பட்டதும் அதுதான். ஆனால் இளங்கோ கமராவை அரசனிடம் வைக்கவில்லை. மாதரி வீட்டில் சமைத்துப் போட்டுவிட்டு, போனவன் வருவானா என்று காத்திருக்கும் பெண்ணிடம் வைத்தார். நாடகம் நிறைய உண்டு, நகரமே எரிகிறது. யாரும் அதை யதார்த்தமில்லை என்று தள்ளுவதில்லை.

'டெல்லி கிரைம்' இரண்டாம் பருவத்தை நான் பார்த்துக்கொண்டிருந்த இரவுகளில் உம்மாவும் பக்கத்தில் இருந்தார். ஹிந்தி விளங்காது. கொலைகாரர் யார் என்பதில் அவருக்கு அக்கறையும் இல்லை. தஸ்பீஹை உருட்டிக்கொண்டே இடைக்கிடை நிமிர்ந்து பார்ப்பார். கடைசிப் பாகம் முடிந்து நான் டீவியை நிறுத்தப் போகும்போது கேட்டார்:

"முதல்ல புடிச்சிட்டுப் போன பொடியனுகள், ஊட்டுக்கு வந்து சேந்தானுகளா புள்ள?"

விட்டுட்டாங்க உம்மா என்றேன். "விட்டது செரி. வந்து சேந்தானுகளா?" என்றார் மறுபடியும். ஆசிரியர் ஓய்வறையில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. இனி ஒரு பொலிஸ் தொடரைப் பார்க்கும்போது நான் அதைக் கேட்டுத்தான் பார்க்கப் போகிறேன்.